மண்டி போடுகிற கால்

அரை நம்பர் என்ற பெயரை அக்கா முதன்முதலில் கேட்டது ஒரு பஸ்ஸில். நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் கண்ணை மூடியிருந்தாள். பின் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி, புதுச் செருப்பு கடித்துக் குதிகால் உரிந்துபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எங்க வாங்கின?”

“பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல.”

“அங்க எதுக்குப் போன? மணிக்கூண்டுப் பக்கம் பெரிய செருப்புக்கடை இருக்குல்ல, அங்க போய் அரை நம்பர் எங்கன்னு கேளு. நம்ம காலைத் தூக்கித் தன் தொடை மேல வெச்சுக்கிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாரு. நீ ஏழுன்னா அவரு ஏழரைம்பாரு. காலைல போனா விக்கவே மாட்டாரு. சாயங்காலம் வாங்க, கால் வீங்கினப்புறம் வாங்கினாத்தான் கடிக்காதுன்னு திருப்பி அனுப்பிருவாரு.”

“முதலாளி சும்மாவா விடறாரு?”

“அவரு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பாரு. இவரு சிரிப்பாரு. முன்பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சிருக்கும். அதுவும் ஒரு அழகாத்தான் இருக்கு.”

அதுவரை கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டிருந்த அக்கா கண்ணைத் திறந்தாள். அந்தப் பல்லை உடைத்ததே அவள்தான். சின்ன வயசில் தம்பியை ஊஞ்சலில் உட்காரவைத்து, பிடிச்சுக்கோ என்று சொல்வதற்கு முன்னாலேயே தள்ளிவிட்டவள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புருஷனிடம் சொன்னாள். “என் தம்பிக்கு ஊர்ல பேரு வெச்சிருக்காங்க, தெரியுமா? அரை நம்பராம்.”

“ஒரு முழு நம்பரா வெச்சா என்ன, குறைஞ்சா போயிருவாங்க, கஞ்சப் பசங்க” என்றார் அவர்.

தம்பி அந்தக் கடையில் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஊரில் பாதிப் பேருடைய கால் அவன் தொடைமேல் ஏறி இறங்கியிருக்கும். ஆனால் சொந்த அக்கா அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை. தனக்கு வேண்டிய செருப்பை நடைபாதையில், குவித்துப் போட்டிருக்கிற இடத்தில், ஒரு அளவு பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொள்வாள். ஏன் இப்படி என்று யாராவது கேட்டால், அந்தக் கடையில் எல்லாம் பளபளவென்று இருக்கிறது, எனக்கு ஆகாது என்பாள். காரணம் அதுவல்ல.

காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அக்காவுக்குக் கிட்னி இரண்டும் கெட்டுப்போன காலம் ஒன்று இருந்தது. முகம் ஊதி, கால் ஊதி, வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ஊசியும் குழாயுமாகக் கிடந்தாள். யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் பிழைப்பாள் என்று சொல்லிவிட்டார்கள். புருஷனுடைய ரத்தம் சேரவில்லை. சித்தப்பா முதல் ஆளாக ஓடிவந்து, என் அண்ணன் மகளுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று நெஞ்சில் தட்டிச் சொன்னார். மறுநாளே அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிட்டது. பெரியம்மா மகனுக்கு வெளியூரில் வேலை வந்துவிட்டது. அத்தை ஒரு கூடை ஆப்பிள் அனுப்பினாள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. உடம்பைத் திறந்து ஒரு உறுப்பை எடுத்துக் கொடு என்றால் யார்தான் யோசிக்காமல் இருப்பார்கள்?

தம்பி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரி பெஞ்சில் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பை. அதற்குள் துண்டும் பல் துலக்குகிற பிரஷ்ஷும். என்னடா என்று கேட்டதற்கு, “ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க” என்றான். அவ்வளவுதான். அந்தக் கிட்னிதான் இன்றைக்கும் அக்காவுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு நன்றி சொல்ல அவள் எத்தனை தடவை வாயெடுத்தாலும் அவனிடம் ஒரே பதில்தான்.

“தம்பி, அன்னைக்கு மட்டும் நீ…”

“அக்கா, டீ ஆறுது.”

கையில் டீ இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்வான். வீட்டில் எல்லோரும் அதற்குப் பழகிவிட்டார்கள். அந்தப் பேச்சே இல்லாமல் போயிற்று. பேச முடியாத நன்றி அக்காவின் நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. தனக்காக வயிற்றைக் கிழித்துக்கொண்டவனைத் தன் காலடியில் மண்டி போடவைத்துச் செருப்பு மாட்டிக்கொள்வதா? அதனால்தான் அவள் கடைக்குப் போகவில்லை.

அப்படி இருந்தபோதுதான் தம்பி ஏணியில் மாட்டிக்கொண்டான். கடைக்குப் பின்னால் சரக்கு அறை. தரையிலிருந்து கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. சக்கரம் வைத்த ஏணியைத் தள்ளிக்கொண்டு போய், உச்சித் தட்டிலிருந்து ஒரு பெட்டியை உருவிக்கொண்டு இறங்கினான். ஏணி லேசாக உருண்டது. இடது பாதம் படிக்கு நடுவே சிக்கிக்கொள்ள, உடம்பு மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. டப் என்று ஒரு சத்தம். பெட்டி மூடிதான் தெறித்தது என்று நினைத்தானாம். மூடி பெட்டிமேல்தான் இருந்தது. தெறித்தது முழங்கால்.

வீங்கின முழங்காலுக்கு ஒரு பட்டையைச் சுற்றிக்கொண்டு, மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வீக்கம் வடிந்தது. வலிகூடக் குறைந்தது. ஆனால் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. திரும்புகிறபோது முழங்கால் தனியாக நழுவியது. அவன் வேலை செய்கிற முறை அப்படி: இடது முழங்காலைத் தரையில் ஊன்றி, வலது தொடைமேல் வாடிக்கையாளர் பாதத்தை வாங்கிக்கொள்வான். உட்கார்ந்து வேலை செய்யக் குட்டை முக்காலி கடையில் இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் விரல்தான் தெரியும், மண்டி போட்டால்தான் குதிகால் என்ன சொல்கிறதென்று தெரியும் என்பது அவன் கட்சி. ஒருநாள் அப்படி மண்டி போட்டு எழுந்தவன், முழங்கால் நழுவி, எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியிலேயே போய் விழுந்தான்.

அந்த அம்மாள் பெரிய மனசுக்காரி. “செருப்பு வாங்க வந்தேன், பிள்ளையைக் கொடுத்துட்டாங்க” என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அவனுக்குத்தான் காது மடல் வரை சிவந்துவிட்டது.

முதலாளி அவனைத் தனியாகக் கூப்பிட்டார். “பில் போடுற இடத்துக்கு வந்துரு. நாற்காலி இருக்கு, மின்விசிறி இருக்கு. சம்பளத்துல ஒண்ணும் கை வெக்க மாட்டேன்.”

“அங்கேர்ந்து பாத்தா மூஞ்சிதான் முதலாளி தெரியும்” என்றான் தம்பி. “மூஞ்சியைப் பாத்து எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது.”

“அப்ப காலைச் சரிபண்ணிக்கிட்டு வா.”

அதற்குப் பிறகுதான் எலும்பு டாக்டரிடம் போனான். நடுத்தர வயசு அம்மா, மெதுவாகப் பேசுகிறவர், கை மட்டும் இரும்பு. முழங்காலைப் பிடித்து முன்னே ஒரு இழுப்பு, பின்னே ஒரு தள்ளு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: உள்ளே குறுக்காக ஓடுகிற ஜவ்வு அறுந்துவிட்டது, தைத்தால் ஒட்டாது, அந்த இடத்தில் வேறு ஒரு நாரை எடுத்து வைத்துக் கட்ட வேண்டும். எந்த நாரை வைக்கலாம் என்பதில் ஒன்றுக்கு மூன்று வழி இருக்கிறது, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள், அடுத்த தடவை முடிவு செய்வோம் என்றும் சொன்னார். போகிறபோது நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். சர்க்கரை உண்டா? இல்லை. இதுக்கு முன்னால ஆபரேஷன் ஏதாவது? இல்லை.

இல்லை என்று அவன் கூசாமல் சொன்னான். அவன் மனசில் அது பொய் இல்லை. அது எப்படி என்பது பின்னால் வருகிறது.

தம்பி பெண்டாட்டி போனில் அக்காவுக்கு விஷயத்தைச் சொன்னாள். “ஜவ்வு அறுந்துபோச்சாம் அண்ணி. வேற நார் எடுத்து வெக்கணுமாம். எதை வெக்கிறதுன்னு வீட்டுல பேசி முடிவு பண்ணச் சொன்னாங்களாம்.”

இந்தக் குடும்பத்தைத் தவிர வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும், அடுத்த கேள்வி என்ன நார், எங்கே கிடைக்கும் என்று போயிருக்கும். அக்காவுக்கு அப்படிப் போகவில்லை. ஒரு உறுப்பு கெட்டால் ரத்த சொந்தத்தில் ஒருத்தர் கொடுக்க வேண்டும் என்பதுதானே அவள் அறிந்த வைத்தியம்? வீட்டில் பேசிவிட்டு வா என்றால், யார் கொடுப்பது என்று பேசிவிட்டு வா என்றுதானே அர்த்தம்? அவள் உடனே முடிவு செய்துவிட்டாள். சித்தப்பாவுக்கோ பெரியம்மா மகனுக்கோ மூச்சு விடவில்லை. விட்டால் மறுபடி ரத்தக் கொதிப்பு வரும், வெளியூர் வேலை வரும். அவர்களை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும்?

டாக்டரைப் பார்க்கிற அன்று, தம்பியும் அவன் பெண்டாட்டியும் ஆஸ்பத்திரி நடைக்குள் நுழைந்தபோது, பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை. முகம் வாடியிருந்தது. பக்கத்தில் அவள் புருஷன், பாதிப் பிஸ்கட் பாக்கெட்டோடு.

“என்னக்கா இங்க?”

“உன்னைப் பாக்கத்தான்.”

“பையில என்ன?”

“துண்டு, பிரஷ்ஷு.”

“காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல” என்றார் அவள் புருஷன். “பக்கத்துல உக்காந்து பிஸ்கட் தின்னா முறைக்கிறா. நீயாவது சொல்லு மச்சான்.”

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். நாலு பேரும் போனார்கள். டாக்டர் ஒரு பிளாஸ்டிக் முழங்காலை மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டு, “சரி, பேசினீங்களா?” என்றார்.

“பேசியாச்சு” என்றாள் அக்கா. “என்கிட்டேர்ந்து எடுத்துக்குங்க.”

டாக்டர் அவளைப் பார்த்தார். “நீங்க?”

“கூடப்பிறந்தவ. மூத்தவ. நல்ல கால்தான் டாக்டர். நாள் முழுக்க நிக்கிற கால். எந்தக் கால் வேணும்னு சொல்லுங்க, ரெண்டும் இருக்கு.”

தம்பி பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் முழங்காலை அக்கா பக்கம் திருப்பி நிதானமாகச் சொன்னார்.

“யாரும் தர வேண்டியதில்லைம்மா. இவர் கால்லயே எடுத்துக்கலாம். முழங்கால் சில்லுக்குக் கீழே முன்பக்கமா ஒரு பட்டை நார் இருக்கு, அதுல நடுப்பகுதியை எடுக்கலாம். இல்லேன்னா தொடைக்குப் பின்பக்கம் கயிறு மாதிரி ரெண்டு நார் வரும், அதை எடுத்து மடிச்சு வெக்கலாம். மூணாவது, இறந்துபோனவங்க தானமாக் கொடுத்ததைப் பதப்படுத்தி வெச்சிருப்பாங்க, அது கிடைக்குதான்னு பாக்கலாம்.”

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. “இவன் கால்லேர்ந்து எடுத்து இவன் கால்லயே வெக்கிறதா?”

“ஆமா.”

“அதுக்கு எதுக்குங்க இவ்வளவு படிப்பு?”

அக்கா புருஷன் இருமினார். டாக்டருக்கு இப்போது சிரிப்பு வந்துவிட்டது. “என் அம்மாவும் அதையேதான் கேட்டாங்க.”

“அந்த மூணாவது, செத்தவங்க தர்றதுன்னீங்களே. உயிரோட இருக்கிறவங்க தந்தா என்ன குறைஞ்சிரும்?”

“இங்க அப்படி எடுக்கிறதில்லைம்மா. நல்லா இருக்கிற உங்க காலை எதுக்கு நாங்க வெட்டணும்? ஏன் இவ்வளவு பிடிவாதமா இருக்கீங்க?”

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் வாயைத் திறக்கப்போனான். “டீ ஆறுதுன்னு சொன்ன, பல்லு இன்னொண்ணும் போயிரும்” என்றாள் அவனிடம். பிறகு டாக்டரிடம் திரும்பி, எத்தனையோ வருஷமாக உள்ளே கிடந்ததைக் கொட்டிவிட்டாள்.

“இவன் எனக்கு ஒரு கிட்னியே கொடுத்திருக்கான் டாக்டர். அதனாலதான் நான் இங்க உக்காந்து உங்ககிட்ட வாயடிக்கிறேன். நான் இவனுக்கு ஒரு நார் கொடுக்கக் கூடாதா?”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனா அப்படியே நின்றது. மெல்லத் தம்பி பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு ஆபரேஷன் எதுவும் நடந்ததில்லைன்னு சொல்லியிருக்கீங்களே?”

“இல்லைங்களே.”

“கிட்னி கொடுத்தது?”

“அது எனக்கு நடந்ததில்லைங்க” என்றான் தம்பி. “அக்காவுக்கு நடந்தது. எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே.”

 அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வடு தன் வயிற்றில் இருந்தாலும் அதை அக்காவின் கணக்கிலேயே அவன் எழுதிவிட்டிருந்தான்.

டாக்டரின் குரல் மாறியது. “முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க?”

தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். பாதிக்குமேல் காலியாக இருந்தது. டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவில்லை. மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார்.

“ஒரே கிட்னி இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே கூடாது. ஆபரேஷனுக்கு அப்புறம் நானும் இதே ஜாதி மருந்தைத்தான் எழுதியிருப்பேன், இதைவிட வீரியமா. அக்கா சொல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? முதல்ல ரத்தப் பரிசோதனை. முழங்காலை அப்புறம் பாக்கலாம்.”

ரத்தம் கொடுத்துவிட்டு அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.  எதிர்ச் சுவரில் ஒரு பாதத்தின் எலும்புப் படம் மாட்டியிருந்தது; அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றைத் தனக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருக்கிற ஒன்றையும் இந்தப் பைத்தியக்காரன் மாத்திரை போட்டுக் கெடுத்துக்கொண்டிருந்தால்? அப்போது கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது? இருக்கிறதே அவனுடையதுதானே?

“அக்கா, கோவமா?” என்றான் தம்பி.

“பேசாத.”

“நான் யோசிக்கவே இல்லக்கா.”

“அதான் தெரியுதே. கொடுத்ததை மறந்துட்டா பெரிய மனுஷன்னு நினைப்பு. எங்க என்ன இருக்கு, என்ன இல்லைன்னு உடம்பு மறக்குமாடா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா புருஷன் மிச்சமிருந்த பிஸ்கட்டை எடுத்து ஒன்றை அக்காவிடமும் ஒன்றை மச்சானிடமும் கொடுத்தார். இரண்டு பேரும் வாங்கித் தின்றார்கள். அன்றைக்கு அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று தம்பி பெண்டாட்டி பின்னால் சொல்லிச் சிரிப்பாள்.

கதவு திறந்ததும் முதலில் எழுந்தது அக்காதான். “ரத்தத்துல கிட்னி உப்பு எவ்வளவு இருக்கு டாக்டர்?” என்றாள். அந்த நோயோடு குடித்தனம் நடத்தியவள்; என்ன கேட்க வேண்டுமென்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“கொஞ்சம் ஏறியிருக்கு. பயப்படற அளவுக்கு இல்லை. மாத்திரையை நிறுத்தினா இறங்கும்னு நினைக்கிறேன். கிட்னி டாக்டர் பாத்துச் சரின்னு சொன்னப்புறம்தான் நான் கத்தியை எடுப்பேன்.”

இறங்கியது. அது இறங்குகிறவரை அக்கா தினமும் போன் போட்டு, தண்ணி குடிச்சியா, தண்ணி குடிச்சியா என்று பிடுங்கி எடுத்தாள். ஆபரேஷன் வரைக்கும் முக்காலியில் உட்கார்ந்து வேலை பார் என்று முதலாளி இறங்கிவந்திருந்தார்; வாடிக்கையாளர் காலைப் பிடித்திருக்கிறபோதுகூடப் போன் வரும். “இதோ குடிக்கிறேன்க்கா” என்று சொல்லிவிட்டுத்தான் அவன் அடுத்த வேலை பார்க்க முடிந்தது. முதலாளியே ஒரு தண்ணீர்ப் பானையை அவன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார், “உங்க அக்கா தொல்லை தாங்கல” என்று. கிட்னி டாக்டர் சரி என்று தலையாட்டிய அன்று அக்கா நீச்சல் குளத்தில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாள். ஆறவிடாமல் குடியுங்கள் என்றாளாம். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவர்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் பழைய கேள்விக்கு வந்தார்கள். மூன்றில் எந்த நார்?

“முன்பக்கத்து நார் நல்ல உறுதி” என்றார் டாக்டர். “எலும்போட சேர்த்து எடுக்கிறதால சீக்கிரம் பிடிச்சுக்கும். நான் அதைத்தான் மனசுல வெச்சிருந்தேன். நீங்க கடையில நின்னுதானே விக்கிறீங்க?”

“நிக்கிறதா?” என்றாள் அக்கா. இந்தத் தடவையும் அவளை யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்திருந்தாள். “விடிஞ்சா அடைஞ்சா ஊரார் காலடியில மண்டி போட்டுத்தான் கிடக்கிறான்.”

“இந்த இடது காலையா ஊன்றுவீங்க?”

“ஆமாங்க” என்றான் தம்பி. தரையில் முழங்காலை ஊன்றிக் காட்டப்போனவனைப் பெண்டாட்டி பிடித்து உட்காரவைத்தாள்.

“அப்ப இன்னொரு தடவை யோசிக்கணும். முன்பக்கம் எடுத்தா, மண்டி போடும்போது அந்த இடம் பல பேருக்குச் சுருக்குனு குத்தும். சிலருக்கு அது போகவே போகாது. பின்பக்கம் எடுத்தா அந்தத் தொந்தரவு குறைவு. ஆனா காலைப் பின்னால மடக்கி இழுக்கிற பலம் கொஞ்ச நாளைக்குக் குறைஞ்சிருக்கும், பிடிக்கிறதுக்கும் நேரம் எடுக்கும், அவசரப்படக் கூடாது. தானமா வந்ததை வெச்சா உங்க கால்ல இன்னொரு வெட்டு இல்லை. ஆனா அது உடம்போட ஒட்டறதுக்கு இன்னும் மெதுவா ஆகும், திரும்ப அறுந்துபோற வாய்ப்பும் கொஞ்சம் கூட. உங்க வயசுக்கு அது ஒண்ணும் மோசமான வழி இல்லை.”

“நீங்களா இருந்தா எதைங்க எடுப்பீங்க?”

“நான் மண்டி போடறதில்லையே. முன்பக்கம்தான். ஆனா மண்டி போடப்போறது நான் இல்லை, நீங்க.”

தம்பி தன் முழங்காலைத் தடவிக்கொண்டு யோசித்தான். அக்கா அவனுக்கு முன்னாலேயே யோசித்து முடித்துவிட்டாள். “அந்தத் தானமா வந்ததையே வெச்சுக்கோடா. உன் உடம்புலேர்ந்து எடுத்தது போதும். ஒரு தடவையாவது அடுத்தவங்க கொடுக்க, நீ வாங்கிக்கோயேன். வாங்கி நல்லா இருக்கிறவ நான் இங்க உக்காந்திருக்கேன்ல?”

“வாங்கிக்கிறதுல எனக்கு ஒண்ணும் கூச்சம் இல்லக்கா. எனக்கு எடுக்கிறதுக்கு என்கிட்ட இருக்கு. எடுக்கவே இடமில்லாம ஒருத்தன் வருவான்ல, முன்னாடியே ரெண்டு தடவை அறுந்துபோனவன், அவனுக்கு அது இருக்கட்டுமே.”

“பாத்தீங்களா?” என்றாள் அக்கா டாக்டரிடம். “இதுலயும் எவனுக்கோ கொடுக்கத்தான் பாக்கறான்.”

“பின்பக்கத்து நாரையே எடுங்க டாக்டர்” என்றான் தம்பி. “மெதுவா ஆகட்டும், நான் காத்துக்கறேன். மண்டி போட முடிஞ்சாப் போதும்.”

அப்படித்தான் செய்தார்கள். தொடைக்குப் பின்னாலிருந்து நாரை எடுத்து, மடித்து முறுக்கி, முழங்காலுக்குள் துளைபோட்டுக் கட்டினார்கள். மயக்க மருந்து கொடுக்கிறவர், நர்ஸ், மருந்து எடுத்துக்கொடுக்கிறவர் என்று ஒவ்வொருவராக வந்து, உங்களுக்கு ஒரு கிட்னிதானே என்று கேட்டு உறுதி செய்துகொண்டு போனார்கள். அந்த மாத்திரை ஜாதியில் எதுவும் அவன் பக்கம் வரவில்லை. வலித்தது, வேறு மருந்தும் ஐஸும் வைத்துத் தாங்கிக்கொண்டான். ஒவ்வொருவரும் கேட்கிறபோது, “ஆமாங்க, ஒண்ணை எங்க அக்காவுக்குக் கொடுத்திருக்கேன்” என்று அவன் வாய்திறந்து சொன்னதை வெளியே நின்றிருந்த அக்கா கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

பிறகு ஊன்றுகோல், பிறகு ஊன்றுகோல் இல்லாமல். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர் கறாரான ஆள். சுவரோரம் சறுக்கி இறங்கு, காலை மடக்கு, நீட்டு என்று விரட்டுவார். அந்த நாட்களில் தம்பி பில் போடுகிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்தே எட்டிப் பார்த்து, அந்த ஐயாவுக்கு அரை நம்பர் கூட எடு என்று குரல் கொடுப்பான். முதலில் மெத்தைமேல் மண்டி போட்டுப் பழகினான். பிறகு மடித்த கம்பளிமேல். முன்பக்கத்தில் ஒரு சின்ன இடம் மரத்துப்போனது மாதிரி இருந்தது, குத்தவில்லை. வெறும் தரையில் மண்டி போடலாம் என்று சொல்லப்பட்ட நாளில் பெண்டாட்டி அக்காவுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலையில் கடைக் கதவைத் திறந்துகொண்டு அக்கா உள்ளே நுழைந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. பளபளவென்ற தரையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். அவள் போட்டிருந்த செருப்பு தளர்ந்து, குதிகால் பக்கம் பட்பட்டென்று அடித்தது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

“ஒரு நல்ல ஷூ வேணும்” என்றாள். “நடக்கிறதுக்கு.”

தம்பி பில் இடத்திலிருந்து எழுந்து வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், பாதத்தைப் பார்த்தான்.

“காலைல வந்திருக்கியேக்கா” என்றான். “உனக்கு அந்தக் கிட்னி மாத்திரையால கால் வீங்குமே. சாயங்காலம் வா.”

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். “சொந்த அக்காவையுமாடா?”

அக்கா அரைநாள் வேலைக்குப் போய்விட்டு, வீங்கிய காலோடு சாயங்காலம் வந்தாள். அவளை உட்காரவைத்துவிட்டு, தம்பி ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இடது முழங்காலை மெல்லத் தரையில் இறக்கினான். கடை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இறங்கியது. நழுவவில்லை. அவள் பாதத்தை எடுத்துத் தன் வலது தொடைமேல் வைத்துக்கொண்டான். வலது கால் ஒரு அளவு, இடது கால் அதைவிடக் கொஞ்சம் பெரிசு. இவ்வளவு நாளும் ஒரு அளவு பெரிய செருப்பைப் போட்டு நடந்து விரலெல்லாம் காய்த்துப்போயிருந்தது.

“உனக்கு இவ்வளவு பெரிசு வேண்டாம்க்கா. அரை நம்பர்தான் கூட வேணும்.”

“தம்பி” என்றாள் அக்கா. “அன்னைக்கு நீ கொடுக்கலேன்னா இந்தக் கால் இன்னைக்கு இங்க வந்திருக்காது.”

டீ ஆறுகிறது என்று சொல்ல அவன் வாய் போனது போலத்தான் இருந்தது. ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை. குனிந்து லேஸ் முடிச்சைப் போட்டுக்கொண்டே இருந்தான். முடிச்சைப் போட்டு முடித்தும் தலையைத் தூக்கவில்லை.

“நீ அன்னைக்கு டாக்டர்கிட்ட வாய் விடலேன்னா என்னுதும் போயிருக்கும்க்கா” என்றான்.

அவள் எழுந்து, கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். ஷூ கடிக்கவில்லை. நாற்காலியைப் பிடிக்காமலே அவனும் எழுந்து நின்றான்.

இப்போதும் அவன் மணிக்கூண்டுப் பக்கத்துக் கடையில்தான் இருக்கிறான். காலையில் போனால் சாயங்காலம் வரச் சொல்வான்.